ஐஸுக்கு வெளியே

இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஐஸம்மா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்பே சிரித்துவிடுவார்கள். எனக்கென்ன காது செவிடா? சொல்லிவிட்டுப் போகட்டும். பதினான்கு வருடமாகக் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கும் நடுவில், ஜன்னலே இல்லாத ஒரு பரிசோதனைக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு யாராவது ஒரு பெயர் வைத்ததே பெரிய விஷயம்.

நான் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

உடம்புக்குள் ஓயாமல் ஒரு தீ எரிகிறது. மூச்சில் போகும் ஆக்சிஜனால் எரிகிற தீ. கிருமி உள்ளே வந்தால் வெள்ளை அணுக்கள் அதே தீயை வைத்துத்தான் அதைப் பொசுக்கும். ஆகவே தீ வேண்டும். ஆனால் மிஞ்சினால் நம் வீட்டையே கருக்கிவிடும். அதை அடக்கி வைக்க உடம்பே சில காப்புப் பொருள்களைச் செய்துகொள்கிறது, சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. தீ கூடிக் காப்பு குறைந்தால் அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். வாயில் நுழைகிற பெயரா இது? நான் அதைத் துரு என்பேன். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு இந்தத் துரு எவ்வளவு ஏறுகிறது, மாத்திரை கொடுத்தால் இறங்குகிறதா என்று எங்கள் பெரிய டாக்டரம்மா ஓர் ஆய்வு நடத்தினார். இருபத்துநான்கு பிள்ளைகள். மாதத்தின் முதல் புதன்கிழமை மூன்றாவது மாடியில் அவர்களுக்கு எதிர்ப்புப் புரதம் ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு ட்யூப் ரத்தம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்தாலும் துருப்பிடிப்பதை நிறுத்தாது. ஆப்பிளை வெட்டி வைத்தால் பழுப்பாகிறதே, அதே கதைதான். ஐஸில் கழுத்துவரை புதைத்து வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் நான் ஒவ்வொன்றாக எடுத்து, அமிலம் சேர்த்து, துருவை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். ஐஸுக்கு வெளியே வைத்தால் கால் மணி நேரம்கூடத் தாங்காது. உடம்பில் இல்லாத துரு ட்யூபில் வந்துவிடும். துருவை அளக்கும் மிஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அது எண்ணை மட்டும் சொல்லும். பத்துக்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை.

அதனால்தான் ஐஸ், ஐஸ் என்று கத்துவேன். ட்யூப்களை ஐஸ் பெட்டியில் கொண்டுவரும் நர்ஸ் சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒருமுறை யாரோடோ பேசிக்கொண்டு நின்று, ஐஸ் பாதி உருகிய பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"பத்து நிமிஷம்தானேக்கா லேட்டு?"

"பத்து நிமிஷம்தானா? உன் ஊட்டுப் புள்ள ரத்தமா இருந்தா இப்படி நின்னு பல்லக் காட்டிக்கிட்டு இருப்பியா? திரும்பக் கொண்டு போ. எல்லாத்தையும் மறுபடி எடுத்துட்டு வா."

இருபத்துநான்கு பிள்ளைகளுக்கும் மறுபடி ஊசி. அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. வேலை என்றால் வேலை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். அது ஒரு படத்தில் ஆரம்பித்தது.

ஆய்வின் இரண்டாவது மாதம். பெட்டியைத் திறந்து ட்யூப்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர், அதில் ஓர் எண், தேதி. பெயர் எழுதக் கூடாது என்பது ஆய்வின் விதி. பதினேழாம் எண்ணின் ஸ்டிக்கரில், தேதிக்குப் பக்கத்தில் இருந்த இத்தனூண்டு இடத்தில், நீல மையில் ஒரு நத்தை இருந்தது. கொம்பு இரண்டும் மேலே. முகத்தில் ஒரு சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், நத்தை சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நானும் சிரித்துவிட்டேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. கல்யாணம் ஆறு வருடத்தில் முறிந்தது. பிள்ளையில்லை. தங்கை தூரத்தில் இருக்கிறாள், பிறந்தநாளுக்குப் போன் செய்வாள், இரண்டு நிமிடத்தில் "சரிக்கா, வைக்கட்டுமா?" என்பாள். தபால் பெட்டியில் வருவது மின்சார வாரியத்தின் கடிதம் மட்டும்தான். அதற்கு அன்பு, பாசம் எல்லாம் கிடையாது. இப்படிப்பட்டவளுக்கு ஒரு நத்தை வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கொண்டுவந்த நர்ஸைக் கேட்டேன்.

"யாரு இது கிறுக்கினது?"

அவள் பயந்துபோனாள். "சாரிக்கா. அந்தப் பொண்ணு ஊசி போடும்போது அழுதா. பேனாவக் கையில குடுத்தேன். அடுத்த தடவ விடமாட்டேன்."

"விடு, விடு. போட்டா போட்டுட்டுப் போகட்டும்," என்றேன், ஏதோ போனால் போகிறது என்பதுபோல. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது மாதம் ஒரு குடை. நான்காவது மாதம் மூன்று கால் நாற்காலி, நான்காவது கால் போட இடமில்லை போலிருக்கிறது. அதன் பிறகு கொட்டாவி விடும் பூனை. ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமையே கூடத்தைத் துடைத்து வைப்பேன்.

சாப்பாட்டில் பிடித்ததைக் கடைசியில் சாப்பிடுவது என் சின்ன வயசுப் பழக்கம். அதேபோல் பதினேழை எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். இதில் ஒரு தொந்தரவு இருந்தது. வார்டில் இருக்கும் நீலப் பேனாவின் மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். நத்தையின் வாலே ஐஸ் ஈரத்தில் கரைய ஆரம்பித்திருந்தது, குடை பாதி கரைந்துதான் என்னிடம் வந்தது. அதனால் நத்தை வந்த நாளிலிருந்தே, பெட்டி வந்த உடனே பதினேழை மட்டும் ஐஸிலிருந்து எடுத்து, பஞ்சால் ஒற்றி, மேஜை விளக்குக்குக் கீழே ஒரு மரத் தாங்கியில், படம் என்னைப் பார்த்தாற்போல நிறுத்தி வைப்பேன். மற்ற இருபத்துமூன்றையும் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பூனை என் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். நான் அதோடு பேசிக்கொண்டே வேலை செய்வேன். "என்னடி, தூக்கம் வருதா? இரு, இன்னும் நாலு பேருதான் பாக்கி." கடைசியில் அமிலம் சேர்க்கும்போது ஸ்டிக்கரை மெதுவாக உரித்து என் நோட்டில் ஒட்டிக்கொள்வேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பதினான்கு வருட அனுபவம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா சொன்னார்கள்?

பதினேழின் துரு ஏறிக்கொண்டே இருந்தது. முதல் மாதம் ஏழு. இரண்டாவது மாதம் பத்தொன்பது. அதன் பிறகு இருபது, இருபத்துமூன்று. மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் எட்டு, ஒன்பது, அதிகம் போனால் பதின்மூன்று. என் நத்தைக்கு மட்டும் ஏன் இப்படி? எண்ணை எழுதி மேலே அனுப்பும்போது கை ஓடாது.

மேலே என்ன நடக்கிறது என்று நர்ஸ் சொல்வாள். இப்போது அவளை உட்கார வைத்துக் கேட்பேன், ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு.

"ஏழு வயசுக்கா அவளுக்கு. அம்மா மட்டும்தான். வீட்டுலயே சட்டைக் காலர் தைச்சுக் குடுக்குறாங்க. புரதம் ஏத்த ஆரம்பிச்சதுலேருந்து காய்ச்சலே இல்லியாம். மத்த டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. இந்த ஒண்ணுதான் எறங்க மாட்டேங்குதுன்னு டாக்டர் மண்டைய ஒடைச்சுக்குறாங்க. மாத்திரைய ரெண்டு மடங்காக்கிட்டாங்க."

"ரெண்டு மடங்கா? அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுடி. அந்தத் தீய ஒரேயடியா அமுக்கிட்டா கிருமிய எதால சுடும்?"

"அதத்தான் டாக்டரும் சொல்றாங்க. ஆனா எண்ணு இருபத்துமூணு இருக்கும்போது என்ன பண்றது? மாத்திரையால வயித்து வலி வேற. சாப்பாட்டத் தள்ளி விட்டுடுறா."

"பள்ளிக்கூடம்?"

"எங்க விடுறது? யாரும் வீட்டுக்கு வரக் கூடாது, இவளும் வெளிய போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எதிர்வீட்டுப் பொண்ணு ஒண்ணு முன்ன வருமாம். இப்ப அவங்கம்மா ஜன்னலக்கூடச் சாத்தி வெச்சுருக்காங்க. நாள் பூரா தையல் மிஷின் பக்கத்துல உக்காந்து பட்டன எண்ணுறாளாம்."

அந்த இரவு வீட்டில் என் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டே அந்தப் பிள்ளையை நினைத்தேன். தனிமை எனக்குப் பழகிவிட்டது, நாற்பத்தெட்டு வயது. ஏழு வயதில் அதை எப்படித் தாங்குவது? பாவம், என்ன விதியோ என்றேன். விதியாம் விதி!

ஒன்பதாவது மாதம் பெட்டி வந்தது. வழக்கம்போல் பதினேழை எடுத்தேன். படம் இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. எண், தேதி, அவ்வளவுதான்.

"என்ன, படம் போடலியா?"

"இந்த வருஷமும் பள்ளிக்கூடம் கிடையாதுன்னு நேத்துதான் அவங்கம்மா சொன்னாங்களாம். பேனாவையே தொடலக்கா. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் காத்திருந்தேன் இல்லையா? சரி போ, நீ யாரோ நான் யாரோ என்று ட்யூபைத் திரும்ப ஐஸுக்குள் அதன் இடத்திலேயே செருகினேன். பதினாறுக்குப் பிறகு, பதினெட்டுக்கு முன்னால், மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக அதையும் செய்தேன். அன்று கூடத்தில் யாரோடும் பேசவில்லை.

மிஷின் சொன்ன எண் எட்டு.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டுதான். படிக்கட்டில் ஏறி மூன்று மாடி ஓடினேன், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. என் வயதுக்கும் எடைக்கும் அது தேவையா? வார்டு வாசலில் மூச்சு வாங்க நின்று, "எட்டு! பதினேழுக்கு எட்டு!" என்று கத்தினேன். நர்ஸ்கள் எல்லாம் ஐஸம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள். பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"மாத்திரை வேலை செய்யுது. அவசரப்பட வேண்டாம். அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் குடுத்துடலாம்."

பள்ளிக்கூடம் திறக்க அப்போது ஐந்து வாரம் இருந்தது. தலைமை ஆசிரியை இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், திறப்பதற்கு முந்தின சனிக்கிழமைவரை காத்திருப்பதாகவும் சொன்னாராம். அதற்குள் டாக்டர் கடிதம் வர வேண்டும்.

பத்தாவது மாதம் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பதினேழாம் ஸ்டிக்கரில் ஒரு புத்தகப் பை. பையின் வாயிலிருந்து நத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே சிரிப்பு. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஒற்றி எடுத்து, விளக்குக்குக் கீழே நிறுத்தி, "வாடி என் தங்கம், பள்ளிக்கூடம் போறியா?" என்றேன். அன்று வேலையைக்கூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் செய்தேன்.

இருபத்தைந்து.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து. மேலே அனுப்பிவிட்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள், வியாழக்கிழமை காலை, பெரிய டாக்டரம்மா போன் செய்தார்.

"எதுக்கு ஒரு மாசம் எறங்கி மறுபடி ஏறுதுன்னு புரியல. நாளைக்கு அவங்கம்மா லெட்டர் வாங்க வராங்க. என்னத்தச் சொல்றது? இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டும்னுதான் சொல்லணும்."

போனை வைத்தேன். ஆறுதலுக்காக மேஜை விளக்கைப் போட்டு நோட்டைத் திறந்தேன், படங்களைப் பார்க்கலாம் என்று. ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் பக்கத்தில் அந்த மாதத்தின் எண்ணை எழுதி வைத்திருந்தேன். நத்தை, பத்தொன்பது. குடை, இருபது. நாற்காலி, இருபத்துமூன்று. பூனை, இருபத்துமூன்று. அதன் பிறகு வந்த மூன்று படங்களுக்கும் இருபதுக்கு மேல்தான். படம் இல்லாத ஒன்பதாவது மாதம், எட்டு. பை, இருபத்தைந்து. முதல் பக்கத்துக்குப் போனேன். முதல் மாதம் படமே வரவில்லை. ஏழு.

என் கை தானாக மேஜை விளக்கிடம் போனது. விளக்கு சுட்டது.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று வாய்விட்டே சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து அறையில் துணி வெளுப்பவர் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இருந்தும் நிச்சயமாகத் தெரிய வேண்டும். நர்ஸைக் கூப்பிட்டேன், சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"ரெண்டு ட்யூப் எடு, என் ரத்தம்."

"என்னக்கா ஆச்சு? உடம்பு சரியில்லியா?"

"எடுடி, சொல்றேன்."

ஒன்றை ஐஸில் வைத்தேன். ஒன்றை விளக்குக்குக் கீழே மரத் தாங்கியில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஐஸில் இருந்தது ஒன்பது. விளக்குக்குக் கீழே இருந்தது இருபத்தாறு. ஒரே உடம்பு, ஒரே ரத்தம்.

ஊருக்கெல்லாம் ஐஸ் ஐஸ் என்று உபதேசம் செய்தவள் நான். பத்து நிமிடத்துக்காக ஒரு பெண்ணை அழ வைத்தவள் நான். ஒரே ஒரு ட்யூபை மட்டும், ஆசை ஆசையாக, எடுத்து வெளியே வைத்தவளும் நான்தான். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் அவள் எப்போதோ பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் தூங்கவில்லை. ஒரு யோசனை வந்து வந்து போனது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் ஒழுங்காக ஐஸில் வைத்தால் எண் தானாக இறங்கிவிடும். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று டாக்டர் சந்தோஷப்படுவார். என் வேலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் சனிக்கிழமை போய்விடும். இன்னும் ஒரு வருடம் பட்டன் எண்ணுவாள். அதோடு, படமும் தொடர்ந்து வரும் என்று மனசின் ஒரு மூலை சொன்னதே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விடியும்போது எழுந்து நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டரம்மாவின் அறைக்கதவைத் தள்ளியபோது தாயும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். தாய்க்கு முப்பது வயது இருக்கும், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில், முகமூடிக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிய, கால் தரையில் எட்டாமல் ஒரு பெண். என் நத்தை. பத்து மாதத்தில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

"நீங்க மேல வந்துருக்கீங்க! என்ன விஷயம்?" என்றார் டாக்டர்.

"பதினேழோட ரிசல்ட் தப்பு டாக்டர்."

"புதன்கிழமை எடுத்ததா?"

"மொத மாசத்தையும் போன மாசத்தையும் தவிர எல்லாமே."

உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். என் ரத்தத்தின் இரண்டு எண்களையும் வைத்தேன். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பூனையில் ஒரு நொடி நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் திட்டியிருக்கலாம்.

"ஐஸ் பத்தி எனக்கே பாடம் எடுத்தவங்க நீங்க."

"ஆமா டாக்டர்."

தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலீங்க. பாப்பாவுக்கு என்ன?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். "எதிர்ப்புச் சக்தி கொறச்சல்தான், அது மாறல. மாசா மாசம் புரதம் ஏத்திக்கிட்டுதான் இருக்கணும். ஆனா அந்தத் துருன்னு சொன்னேனே, அது இவ உடம்புல இல்லம்மா. ட்யூப்ல வந்தது."

"அப்போ அந்த டபுள் மாத்திரை?"

"தேவையே இல்லம்மா."

"ஜன்னலச் சாத்தி வெச்சது? எதிர்வீட்டுப் புள்ளய வராதன்னு வெரட்டி விட்டது? அதெல்லாம்?"

டாக்டர் நோட்டை மூடி வைத்தார். தாய் என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டு வாங்க நான் தயாராக வந்திருந்தேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் உள்ள வெச்சுட்டு இவளோடத மட்டும் எதுக்குங்க வெளிய எடுத்து வெச்சீங்க?"

"படம் அழிஞ்சிடும்னு."

"ஒரு படத்துக்காகவா?"

"ஆமாம்மா."

வேறு யாரும் எனக்கு எதுவும் அனுப்புவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்கு அது என்னத்துக்கு? என் தனிமைக்கு அவள் பிள்ளையா கூலி கொடுக்க வேண்டும்? "தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"உங்களப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்," என்றார் டாக்டர். "இப்பவே புதுசா ஒரு சாம்பிள் எடுத்துடுவோம். நாளைக்குள்ள லெட்டர் போகணும்."

நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்த பெண் முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள்.

"கீழ இருக்குற அம்மா நீங்கதானா?"

"ஆமா கண்ணு."

"நீங்க எப்பவும் கோபமாவே இருப்பீங்கன்னு நர்ஸக்கா சொன்னாங்க. அதான் நத்தை போட்டேன். சிரிச்சீங்களா?"

நர்ஸ் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"சிரிச்சேன். ரொம்ப நேரம் சிரிச்சேன்."

அவளுக்குத் திருப்தி. கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள், அழவில்லை. நர்ஸ் எண்ணை எழுதி ஸ்டிக்கரை ஒட்டினாள். உடனே பெண்ணின் மற்றொரு கை பழக்கதோஷத்தில் நீலப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். தாயும் பார்த்தாள். வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது.

"வேண்டாம் கண்ணு. இனிமே போட வேண்டாம்."

பேனா நின்றது. "நல்லா இல்லியா?"

"நல்லா இருந்துச்சு. அதனாலதான்."

அவளுக்குப் புரிந்திருக்காது. மூடியைப் போட்டுப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். நான் ட்யூபைக் கழுத்துவரை ஐஸில் புதைத்து, மூடி போட்டு, படிக்கட்டில் இறங்கினேன். கீழே கால் வைத்த ஐந்தாவது நிமிடம் அமிலம் சேர்த்தாகிவிட்டது. போனை எடுத்து, "ஏழு," என்றேன். "ஏழா?" என்றார் டாக்டர். "ஏழு." அவர் அதைத் தாயிடம் சொல்வதும், ஒரு நாற்காலி நகர்வதும், பிறகு யாரோ மூக்கைச் சிந்துவதும் கேட்டன. போனை வைத்துவிட்டேன்.

அந்த ஆய்வில் பதினேழின் எண்களை எல்லாம் அடித்துவிட்டார்கள். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. என் வேலையைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை வேறொருவர் வருகிறார். அமிலம் சேர்ப்பதைக்கூட எட்டிப் பார்க்கிறார், பார்க்கட்டும். ஸ்டிக்கரில் எண்ணும் தேதியும் தவிர எதுவும் எழுதக் கூடாது என்று வார்டில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த முதல் புதன்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையே கூடத்தைத் துடைத்து வைத்தேன், பழக்கம் விடுமா? நர்ஸ் நேரத்துக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்துநான்கு ட்யூப், இருபத்துநான்கு வெள்ளை ஸ்டிக்கர்.

"பள்ளிக்கூடம் போறாளா?"

"போறாக்கா! வாய் ஓய மாட்டேங்குது. டீச்சர் அப்படிச் சொன்னாங்க, பக்கத்துல உக்கார்ற பொண்ணு இப்படிச் சொல்லுச்சுன்னு ஒரே கதை. ஊசி போட்டதே அவளுக்குத் தெரியல."

"பேனா கேட்டாளா?"

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். நல்ல பெண், பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்திருப்பாள்.

"இல்லக்கா. கேக்கவே இல்ல. மறந்துட்டா போல."

"நல்லதுதான்," என்றேன். "போ, மேல வேல கெடக்கும்."

அவள் போனதும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஐஸுக்குள் கையை விட்டு முதல் ட்யூபை எடுத்தேன்.